மேஜையில் இரண்டு தட்டல்

சமத்ரேதியா,
ஈஸ்டருக்கு முந்தைய வாரம்

அன்பு மகள் தியோனாவுக்கு அம்மா எழுதுவது. நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் தலைக்கு மேல் ஒழுகாத கூரையும் உன் கிண்ணத்தில் சூடான சூப்பும் இருக்க வேண்டுமென்று கன்னி மரியாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். இத்தாலிக்குப் போகும் வேன் நாளைக்கு ஸ்டேஷன் சந்தைக்குப் பக்கத்தில் நிற்குமாம், பார்சலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ‘ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு’ என்று கேட்டாய், நான் ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லையம்மா. வாயால் சொல்லப் போனால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அங்கே நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் படுத்த படுக்கையான அம்மாளின் கட்டில் அருகே நின்றுகொண்டு அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை. ரயில்வே டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னாராம், இவர் ‘எடை குறைஞ்சா காத்துல தண்டவாளத்தை விட்டுப் பறந்துடுவேனே, அப்புறம் சிக்னலை யார் பாக்குறது’ என்று கேட்டுவிட்டு வந்து அன்றைக்கே பாலாடைக்கட்டி வழியும் ஒரு முழு கச்சாபுரி ரொட்டியைத் தனியாகத் தின்று தீர்த்தார். பக்கத்து வீட்டு நானுலியின் பன்றி வேலிக்கடியில் புகுந்து நான் போட்ட கொத்தமல்லியை வேரோடு மேய்ந்துவிட்டது, மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று பார்த்தால் ‘உன் கொத்தமல்லியைத் தின்னதுலருந்து என் பன்றிக்கு வயிறே சரியில்லை’ என்கிறாள். நீ அந்த அம்மாளைத் தனியாளாகத் தூக்கி உட்கார வைக்காதே, அவர் மகனைக் கூப்பிடு. முதுகு ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் அதனோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் பார்பரேயைப் பற்றித்தான். நீ ஊரைவிட்டுப் போகுமுன் என்னோடு செஸ் பள்ளியில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அந்த வருஷம் சேர்ந்தவள், நர்கீசாவின் மகள், திக்கித் திக்கிப் பேசுவாளே, அவள். காய் கோணலாக நின்றால் ‘சரி பண்றேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டு நேராக்க வேண்டும், சொல்லாமல் தொட்டால் அந்தக் காயையே ஆடியாக வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும், அவள் அந்தச் சொல்லின் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு முகம் சிவந்து நின்றதும், பையன்கள் ‘ச்ச் ச்ச் ச்ச்’ என்று ரயில் விட்டதும் உனக்கு மறந்திருக்காது. நீதான் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, ‘உனக்கு வாய் எதுக்குடி, விரல் இருக்கில்ல? மேஜையில ரெண்டு தட்டு தட்டிட்டுத் தொடு. எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு’ என்றாய். ரயில் விட்ட பையன்களே கொஞ்ச நாளில் தட்டத் தொடங்கிவிட்டார்கள். நீ போன பிறகு சேர்ந்த குழந்தைகளுக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே சரியாகத் தெரியாது. எல்லோரும் டொக் டொக்தான். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அப்பா கதவில் நின்று கேட்டுவிட்டு, ‘இது செஸ் பள்ளியா, மரங்கொத்தி வளர்க்கிற இடமா’ என்றார். வெளியே யாரும் இப்படித் தட்டுவதில்லை என்பது எங்களுக்கே மறந்துபோயிற்று.

பார்பரே இந்த வருஷம் எப்படி ஆடினாள் தெரியுமா. பெரிய பையன்களை உட்கார வைத்துக் கட்டிப்போட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளை எழுந்து வாசிக்கச் சொல்வதில்லையாம், நேரம் வீணாகிறதென்று. எதையும் வாயால் நிரூபிக்க வேண்டாத ஒரே இடம் அவளுக்குப் பலகைதான். காய் ஒவ்வொன்றும் கட்டத்தின் நடுவில் நின்றால்தான் அவளுக்கு யோசனை ஓடும், கோணலாக நின்றால் கால்சட்டை ஈரமான குழந்தை மாதிரி நெளிவாள். குத்தைசியில் மாவட்டங்களுக்கிடையிலான போட்டி, பத்து வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு. முதல் இரண்டு பேர் தலைநகர் திபிலீசிக்குப் போவார்கள், அங்கே தேறினால் பெரிய பயிற்சியாளர்களிடம் சேர்த்துக்கொள்வார்கள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் பார்பரேக்கு ஒரு டிரா போதும். நர்கீசா பயணத்துக்குக் கோழி பொரித்து எடுத்துக்கொண்டு வந்தவள், சாப்பிடச் சொன்னால் ‘முதல்ல ஆட்டம் முடியட்டும், இப்ப எனக்குத் தண்ணிகூட இறங்காது’ என்றாள்.

அன்றைக்குக் காலையில்தான் அந்தப் பிரிவின் நடுவருக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று, பிரசவ வலி. தலைமை நடுவர் குராம் ஐயா என்னிடம் வந்து, ‘இர்மா, உன்கிட்ட நடுவர் சான்றிதழ் இருக்கு, நீ சத்தம் போட மாட்டே, குழந்தைங்களுக்கு நீதான் சரி’ என்றார். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளையே அதில் ஆடுகிறாள், நான் எப்படி என்று கேட்டேன். ‘அட, இந்த இமெரேத்தி வட்டாரத்துல யாருக்கு யாரு சொந்தமில்லை? அப்படிப் பாத்தா நான் வீட்டைவிட்டே கிளம்பக் கூடாது’ என்று சிரித்துக்கொண்டே அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். மறுத்துப் பேச எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது. மாட்டிக்கொண்டேன்.

எதிரில் ஆடியது போத்தியிலிருந்து வந்த எலீசோ என்ற பெண். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. பார்பரேயின் ராணி ராஜாவுக்குக் காவலாக நின்றது, அது அசையாமல் நின்றால் டிரா, எங்கே நகர்ந்தாலும் எதிராளியின் அடுத்த நகர்த்தலில் செக்மேட். அந்த ராணி கோட்டின் மேல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அவள் முறை. மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள், ராணியைத் தொட்டு நடுவில் நிறுத்தினாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். எலீசோ கையைத் தூக்கிவிட்டாள். நான் போனேன். ‘டீச்சர், அவ ராணியைத் தொட்டுட்டா. ஒண்ணுமே சொல்லலை. மேஜையைத்தான் தட்டினா, நான் ஏதோ கோபத்துல தட்டுறான்னு நெனைச்சேன்’ என்றாள். கடிகாரத்தை நிறுத்தினேன். கயிற்றுக்குப் பின்னால் நின்ற பெற்றோர்களில் ஒருவர், ‘என்னம்மா, சமத்ரேதியாவுல கதவைத் தட்டித்தான் செஸ் ஆடுவீங்களா? உள்ள வரலாமான்னு ராணி கேக்குதா?’ என்றார், நாலு பேர் சிரித்தார்கள். இன்னொரு பெண் குரலைத் தாழ்த்தாமலே, ‘அந்த நடுவர் யாருன்னு நினைச்சே? அந்தப் பொண்ணோட டீச்சரேதான். இப்ப பாரு வேடிக்கையை’ என்றாள்.

தியோனா, நான் பார்பரேயிடம் குனிந்து, நீ முன்னாலேயே சொன்னாயா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாததா, நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு, கேட்கிறார்களே என்று பதில் சொல்ல முயன்றாள். அந்த ‘ச’வில் நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை மூடிக்கொண்டாள், அவள் விரல் மேஜை விளிம்பில் அலைந்தது, சொல் வரவில்லை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், உனக்குத் தெரியும். தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டியவரின் மகள் படித்துவிட்டு வந்து தன் ஆளுக்கு வளைந்து கொடுத்தாள் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாதென்று இத்தனை வருஷமும் நிமிர்ந்தே நடந்தவள். விதி என் தலைக்குள் எழுத்தெழுத்தாக ஓடியது, தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும், சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘தொட்ட காயை ஆடணும்’ என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது, அதுதான் இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் அழவில்லை. ராணியை நகர்த்தினாள். எலீசோ செக்மேட் வைத்தாள், வைத்துவிட்டு அந்தக் குழந்தைதான் அழுதது. பார்பரே எழுந்து கை கொடுத்தாள், தாளில் கையெழுத்திட்டாள், நாம் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு அம்மாவிடம் போனாள். நான் அடுத்த பலகையில் நேரம் முடிந்து கடிகாரக் கொடி விழுந்ததா என்று பார்க்கப் போக வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து பரிசும் கொடுத்த பிறகு குராம் ஐயா படிக்கட்டில் என்னைப் பிடித்தார். நடந்ததைச் சொன்னேன். தட்டுவது எங்கள் கூடத்து வழக்கம் என்பதையும் சொன்னேன். அவர் மீசையைத் தடவினார். ‘இர்மா, விதியில சொல்லணும்னு எங்கம்மா இருக்கு? முன்கூட்டியே தெரியப்படுத்தணும்னுதான் இருக்கு. நாம எல்லாரும் சொல்லிச் சொல்லியே பழகிட்டோம், அதனால சொல்லணும்னே படிச்சுட்டோம். தட்டினாலும் தெரியப்படுத்தினதுதான். அந்தப் போத்திப் பொண்ணுக்கு அது புரியலைன்னா, விளக்கிச் சொல்லிட்டு ஆட்டத்தைத் தொடர விட்டிருக்கலாம். நானா இருந்தா அப்படித்தான் செஞ்சிருப்பேன்’ என்றார். அப்படியானால் நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன், என் வாழ்நாளில் ஒரு பெரியவரிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை. ‘யாரும் கூப்பிடலையேம்மா. பயிற்சியாளர் முறையீடு கொடுத்தா வந்திருப்பேன். அவளுக்குப் பயிற்சியாளர் நீதானே’ என்றார். குத்திக் காட்டச் சொல்லவில்லை, பாவம், உள்ளதைச் சொன்னார். அந்தக் கூடத்தில் அந்தக் குழந்தைக்காக எழுந்து கேட்க வேண்டியிருந்த ஒரே ஆள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றாள்.

நர்கீசாவிடம் மறுநாளே போய் விதியைப் பற்றி குராம் ஐயா சொன்னதை மறைக்காமல் சொன்னேன். முடிவை இனி மாற்ற முடியாது, அன்றைக்கே எழுதிக் கேட்டும் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள், ஹேஸல் கொட்டை உடைத்து வைத்தாள், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ‘நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர், எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க’ என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்பரே உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. ‘கோபம்லாம் இல்லை டீச்சர், எதையோ மனப்பாடம் பண்ணிட்டிருக்கா, பள்ளிக்கூடப் பாட்டாயிருக்கும்’ என்றாள்.

பாட்டு இல்லை. போன வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால், நான் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்பரே தனியாக வந்தாள். முடியை வாரிப் பின்னியிருந்தாள், பள்ளி கொடுத்த காய்ப்பையை மேஜையில் வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, ‘சனிக்கிழமையிலிருந்து நான் வர மாட்டேன், டீச்சர். சொல்லிக்கொடுத்ததுக்கு நன்றி’ என்றாள். ஓர் இடத்திலும் திக்கவில்லை. அந்தச் ‘ச’கூட நழுவி வந்தது. எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருப்பாளோ. இனி என்னிடம் வாயால்தான் பேச வேண்டும் என்று அந்தக் குழந்தை முடிவு செய்திருக்கிறது. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போகாதே என்று சொல்ல வேண்டும், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும், ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் காத்திருந்தாள், தியோனா. நாம் அவளுக்காக எப்படிக் காத்திருப்போமோ அப்படி, அவசரப்படுத்தாமல், முகம் சுளிக்காமல் காத்திருந்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் உனக்குச் செய்தி அனுப்பினால் எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, அம்மா பாவம் என்று சொல்லாதே, திரும்பி வா என்றும் சொல்லாதே. அவள் சொல்வதை முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொள், போதும். பார்சலில் அப்பா கொட்டைகளை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்துக் கட்டிய சுர்ச்சேலா இருக்கிறது, நூல் கோணல், நல்ல ருசி. பிளம் சாஸ் பாட்டிலைத் திறந்ததும் குளிர்பெட்டியில் வை. ஈஸ்டர் அன்று வேலைக்கு நடுவிலாவது ஒரு முட்டையைச் சிவப்பாக்கி உடை, தனியாயிருந்தாலும் உடை. கடவுள் உனக்கு நல்ல உடம்பையும், உன்னைப் புரிந்துகொள்ளும் மனிதர்களையும் கொடுக்கட்டும், கெட்டதெல்லாம் உன்னைவிட்டுக் கடல் தாண்டித் தூரப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இதைப் பற்றிக் கேட்காதே அம்மா, கொத்தமல்லியைப் பற்றிக் கேள்.

உன்னை நெஞ்சில் வைத்திருக்கும்
அம்மா இர்மா