கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்கள்

அக்டோபர் 7, திங்கள்

ஏரிக்கரைச் சாலை சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில், எங்கள் ஆபீஸ் விளம்பரத்தில், டேரிலின் முகம். பக்கத்தில், கொஞ்சம் சிறியதாக, என் முகம். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஊரை முறைக்கிறோம். கீழே, "உங்களுக்காகக் கோர்ட்டில் சண்டை போடுவோம்."

நான் டேரிலோடு கூட்டுச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு வழக்குகூட ஜூரி முன்னால் போனதில்லை. ஏழைகளுக்காக வாதாடும் அரசு வக்கீலாக இருந்தபோது அது ஒன்றுதான் என் வேலை. இங்கே நாய்க்கடி, கார் மோதல், பனியில் வழுக்கி விழுந்தவர், விவாகரத்து, உயில் என்று வாசலுக்கு வந்ததெல்லாம் எடுக்கிறோம். எதையும் முழுசாகப் படிப்பதில்லை. விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எதிர்த்தரப்பு நீட்டுவதை வாங்கிக்கொண்டு சமரசம். கட்சிக்காரரிடம், "இதுக்கு மேல கிடைக்காது." கிடைக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்த்தேனா?

பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன்.

அக்டோபர் 10

ரேடியோ விளம்பரத்துக்கு டேரில் புதுப் பாட்டுப் போட்டிருக்கிறான். எங்கள் போன் நம்பரை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். குளிக்கும்போது நானே முணுமுணுத்துவிட்டேன். சீ.

அக்டோபர் 16, புதன்

ஆர்லீன் கிவிஸ்டோ வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் உருளை மிஷினில் வேலை. வலது கை உள்ளே போய்விட்டது. மூன்று விரல்கள் மடங்காது. கைக்குக் குறுக்கே இருக்க வேண்டிய காப்புத் தகட்டை மிஷின் பராமரிக்கும் கம்பெனியின் ஆள் கழற்றியவன் திரும்ப மாட்டவில்லை. வேலையில் அடிபட்டால் இன்சூரன்ஸ் பணம் உண்டு என்பதால் முதலாளி மேல் வழக்குப் போடச் சட்டம் விடாது. அந்தக் கம்பெனி மேல்தான் வழக்கு. விசாரணை நவம்பர் 12.

ஒரு வருடமாக இந்தக் கோப்பு என் மேஜையில் கிடக்கிறது. அவளை முழுசாகப் பேசவிட்டது இன்றுதான்.

"பணம் வேண்டாம்னு சொல்லல வக்கீலம்மா," என்றாள். "ஆனா நான் கவனமில்லாம கைய விட்டேன்னு கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க. சர்ச்சுல, கடையில எல்லாம் அதையே நம்புறாங்க. இருபத்தாறு வருஷம் அந்த மிஷின்ல நின்னேன். நாலு பேர் முன்னாடி அது பொய்னு ஆகணும்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே வெள்ளிக்கிழமை சமரசத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன பிறவி நான்?

அக்டோபர் 25

கோர்ட் லிஃப்டில் அந்தக் கம்பெனியின் வக்கீல் லிண்டால். நல்ல கோட், நல்ல பல். ஆர்லீன் வழக்கைப் பற்றிக் கேட்டேன்.

"எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பேசிக்கலாம் சிக்னி. உங்க ஆபீஸ் பழக்கம் எனக்குத் தெரியாதா? எங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய இன்ஜினியர் விசாரணை வாரம் ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போறார். நீங்க வேலை வைக்க மாட்டீங்கன்னு அவருக்கே தெரியும்."

நானும் சிரித்தேன். அதுதான் குமட்டுகிறது. அவன் என்னை அவமானப்படுத்தினான், நான் பல்லைக் காட்டிக்கொண்டு மூன்றாம் மாடியில் இறங்கினேன்.

நவம்பர் 1

டேரிலிடம் சொல்லிவிட்டேன், ஆர்லீனை ஜூரி முன்னால் கொண்டுபோகப் போகிறேன் என்று.

"பைத்தியமா உனக்கு? ஒரு வாரம் கோர்ட்டுல போய் உக்காந்தா இங்க மத்த நூத்தம்பது கோப்ப யார் பாக்குறது?"

"இப்ப மட்டும் யார் பாக்குறா?"

"தோத்தா அந்தப் பொம்பளைக்குச் சல்லிக்காசு கிடைக்காது. அத அவகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். அவனுக்கு ஆர்லீன் மேல் அக்கறை கிடையாது, ஆனால் கேள்வி சரியான கேள்வி. மாலையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், எல்லாம் போய்விடலாம் என்று. புகைபோட்ட மீனும் ரொட்டியும் வைத்தாள். இடது கையால் மெதுவாக வெண்ணெய் தடவிக்கொண்டே, "போனா போகட்டும்," என்றாள்.

நவம்பர் 8, வெள்ளி

லிண்டால் தொகை சொன்னான். கேவலமான தொகையும் இல்லை. ஆர்லீனிடம் அப்படியே சொன்னேன். வேண்டாம் என்றாள். லிண்டாலிடம் போனில் சொன்னேன். "விளையாடாதீங்க," என்றான்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்ஜினியர் ஊரில் இல்லை, தள்ளிவையுங்கள் என்று லிண்டால் கேட்டான். நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "தேதி ஆறு மாசமா இருக்கு," என்று முடித்துவிட்டாள்.

பிறகு, வரச்சொல்லியிருந்த ஊர்க்காரர்களிலிருந்து ஜூரி பொறுக்கினோம். வக்கீல்களை யாருக்காவது தெரியுமா என்று நீதிபதி கேட்டாள். ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. பின்வரிசையில் ஒரு கிழவர் எங்கள் போன் நம்பரைப் பாட்டாகவே பாடினார். அறை முழுக்கச் சிரிப்பு. நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆர்லீன் மட்டும் மடியில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாழ்க்கைப் பிரச்சினை, ஊருக்கு நாங்கள் கோமாளிகள். 

என் முறை வந்தபோது எழுதி வைத்ததை விட்டுவிட்டு, "அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்காது. அதுக்காக ஆர்லீன தண்டிச்சிடுவீங்கன்னு நினைக்கிறவங்க இப்பவே சொல்லிடுங்க," என்றேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்களை அனுப்பிவிட்டார்கள். ஆறு பேர் உட்கார்ந்தார்கள்.

நவம்பர் 14

தகட்டைக் கழற்றியவனையே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். முப்பது வயசுக்காரன், நகம் கடித்த விரல்கள்.

"ஏன் திரும்ப மாட்டல?"

"மாட்டினா சுத்தம் பண்ண ஒவ்வொரு தடவையும் கழட்டணும். நேரமாகும்."

"யார் சொன்னது?"

லிண்டாலைப் பார்த்தான். பிறகு ஜூரியைப் பார்த்தான். "சூப்பர்வைசர். எல்லா ஹோட்டல்லயும் அப்படித்தான் விட்டிருக்கோம்."

அதை மறுக்க லிண்டாலுக்கு ஆள் இல்லை. ஆள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இரவு என் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயமா, சந்தோஷமா?

நவம்பர் 18, திங்கள்

யாருக்கு எத்தனை சதவீதம் தவறு என்று ஜூரி சொல்ல வேண்டும். பராமரிப்புக் கம்பெனி, எண்பத்தைந்து. ஹோட்டல் மேல் வழக்கு இல்லாவிட்டாலும் அதன் பங்கு, பதினைந்து. ஆர்லீன் கிவிஸ்டோ, பூஜ்யம்.

தொகையையும் படித்தார்கள். அவள் கேட்கவே இல்லை. என் கையைப் பிடித்து, "பூஜ்யம்னுதான சொன்னாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை கேட்டாள்.

நவம்பர் 20

டேரில் ஷாம்பெய்னோடு வந்தான். கையில் புது விளம்பரத்தின் மாதிரி. ஆர்லீனின் கை, பஸ் அளவுக்கு, தழும்பு தெரிய. மேலே தொகை.

"அவகிட்ட கையெழுத்து வாங்கிடு. உன் முகத்தப் பெருசாவே போடலாம்."

இவனோடு நான்கு வருடம் ஒரே காபிப் பாத்திரத்தில் குடித்திருக்கிறேன். அந்தத் தாளைக் கிழித்தேன். நான் போகிறேன் என்றேன். "எதக் கொண்டு பிழைப்ப?" என்றான், உண்மையான கவலையோடு. அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது.

ஜனவரி 13

மீன்கடை மாடியில் ஒரு அறை. என்னோடு வரச் சம்மதித்த கட்சிக்காரர்கள் ஒன்பது பேர். மிஷினில் அடிபட்டவர்கள் மட்டும், வேறு எதுவும் இல்லை. இன்று ஒரு நாய்க்கடி, ஒரு விவாகரத்து, இரண்டையும் வேறு வக்கீலுக்கு அனுப்பினேன்.  வாடகை?

ஏப்ரல் 22, செவ்வாய்

மார்கஸ், கப்பலில் இரும்புத் தாது ஏற்றும் துறையில் வெல்டர், தாது சுமக்கும் கன்வேயர் பட்டையில் விழுந்து கால் போனவர். விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அந்தக் கோப்பில் நான் படிக்காத பக்கம் கிடையாது. அங்கேயும் எதிர்த்தரப்பு லிண்டால். இன்று அவனே போன் செய்தான். குரலில் பழைய சிரிப்பு இல்லை. சொன்ன தொகை, நான் ஜூரியிடம் கேட்க நினைத்திருந்ததை ஒட்டியே இருந்தது.

மார்கஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோர்ட்டில் இன்னும் அதிகம் கிடைக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஜூன்ல பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி அத்தனை பேர் எதிர்ல உக்காந்து நான் விழுந்த கதைய மறுபடி சொல்ல முடியாதும்மா. போதும். உங்களுக்குச் சரிதானே?"

எனக்குச் சரியா என்று என்னைக் கேட்கிறார். ஒரு நிமிடம் எனக்குச் சரியில்லை. எனக்கு ஜூரி வேண்டியிருந்தது, அந்த ஆறு முகங்கள் வேண்டியிருந்தன. என் ஆசைக்கு இவர் இழந்த காலைக் காட்டவா? டேரில் பஸ்ஸில் காட்டப் பார்த்தான், நான் கோர்ட்டில். அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஆகிவிடும்.

"சரிதான்," என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு ஜன்னலைத் திறந்தேன். ஏரியில் பனிக்கட்டி உடைகிற சத்தம். ஜூரியிடம் பேசுவதற்காக எழுதிய இறுதி உரை மேஜையில் கிடக்கிறது. நான் எழுதியதிலேயே நல்ல உரை. யாரும் கேட்கப் போவதில்லை. இருக்கட்டும்.