வீட்டுவானுக்குக் கிடுகு வேய்ந்த காக்காவுக்கு

காக்கா,

இன்று காலை செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். புதுக் கிடுகு ஏற்றிய ட்ரக்டர் பெட்டி ஒன்று எனக்கு முன்னால் வந்து நின்றது. ஆற்றில் ஊறப்போட்டு எடுத்துப் பின்னிய தென்னோலை, இரவுத் தூறலிலும் நனைந்திருந்தது. அந்த வாசத்துக்கு, பல்கலைக்கழக வளாகத்துக்குப் போக நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்திருந்தால் இந்த அம்மாவுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு மடல் எழுத வேண்டும் என்று அந்த இடத்தில்தான் தோன்றியது.

ஏறாவூரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அதனால் நானும் அப்படியே அழைத்தேன். நீங்கள் என்னை எல்லாரையும் போல மிஸ்ஸி என்றீர்கள். நான் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது, நீங்கள் சாரதி. நம் இருவருக்கும் நடுவில் அந்தக் கிழட்டு வாகனம்.

சுனாமி அடித்த மறுவருடம் அது நமக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக்காரர் சிலர் அதில் வந்து நிவாரண வேலை செய்துவிட்டு, திரும்பிப் போகும்போது நம்மிடம் விட்டுச் சென்றார்கள். கட்டில், அடுப்பு, அலுமாரி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருந்ததால் சனங்கள் அதற்கு வீட்டுவான் என்று பெயர் வைத்தார்கள். "இது என்ட மூத்த மகளவிட மூப்பு மிஸ்ஸி, மரியாதையாத்தான் ஓட்டோணும்" என்றீர்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. நம் ஊர் வீதியில் ஒரு மாட்டுவண்டியை முந்துவதற்கும், வலப்பக்கம் இருக்கும் நான் தலையை வெளியே நீட்டி "வரலாம் காக்கா" என்று சொல்ல வேண்டும். பாதி வாகனத்தை ஓட்டியது நான்தான் என்று இப்போதும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வாகரைக் கரையில் சிகிச்சை நிலையம் என்று ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. ஆகவே அந்த வாகனம்தான் தாய்மாருக்குக் கிளினிக். ஆனால் அது குளிர் நாட்டில், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கக் கட்டிய வாகனம். சுவருக்குள் அடைத்திருந்த பஞ்சும் உக்கிப் பொடியாகிக் கீழே இறங்கிவிட்டது. தகரத்தால் சூடு உள்ளே வரும், வெளியே போக மட்டும் வழி தெரியாது. கச்சான் காற்று நெருப்பாக வீசும் மாதங்களில் உள்ளே இருந்தால் அவித்த கிழங்குதான். விசிறி சுழலவும், தடுப்பூசி மருந்து இருக்கும் பெட்டி குளிரவும் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் ஓடியது. அது ஓடினால் தரை அதிரும், தரையில் ஆணியடித்த கட்டில் அதிரும், அலுமாரிக் கதவுகள் பல்லைக் கடிக்கும்.

அந்தக் கட்டிலில்தான் வசந்தி படுத்தாள். கடல் அவளுடைய மகனைக் கொண்டுபோயிருந்தது. இப்போது எட்டு மாதம். பிள்ளை அசைவது குறைவு என்றாள். நான் மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். டிக் டிக் என்று வேகமாக, சீராகக் கேட்டது. "இருக்கு கா, நல்லாத் துடிக்குது, பயப்படாதீங்க" என்று நம் ஊர்ப் பெண்கள் பேசும் 'கா' போட்டுச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அது போய் நாலைந்து நாளாகியிருக்கும் என்றார்கள்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. என் காது கேட்டதே! அடுத்த முறை வாகரைக்குப் போனபோது, தாய்மார் வருவதற்கு முன், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க, அந்த வெறுங்கட்டிலின் மெத்தையில் குழலை வைத்துக் கேட்டேன். டிக் டிக். அதே வேகம், அதே சீர். உடனே உங்களைக் கூப்பிட்டேன். நீங்களும் குனிந்து கேட்டீர்கள்.

"மிஸ்ஸி, என்ட வண்டி பொய் சொல்லிப் போட்டு," என்றீர்கள். "இத நான் திருத்தோணும்."

"பிழை வண்டிட இல்ல காக்கா, என்ட காதுட," என்றேன்.

"உங்கட காது வந்த சத்தத்தத்தான் கேட்டது. சொன்னது என்ட வண்டி."

வேறு ஒருவராக இருந்தால் ஓட்டுவது மட்டும்தான் என் வேலை என்று பீடியைப் பற்றவைத்திருப்பார். நடந்ததைப் பொறுப்பான டாக்டரிடம் நான் எழுதிக் கொடுத்தேன். இனிக் கவனம் என்றார். வசந்தியிடம் போய்ச் சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றோடு 'இருக்கு' என்ற சொல் என் வாயிலிருந்து போயிற்று. எந்தத் தாய் கேட்டாலும், "எதுக்கும் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாருங்க" என்றேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வருவது அவர்கள்தான், நானில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். நாம் நிறுத்தியும் பார்த்தோமே. கொஞ்ச நேரத்தில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை சூட்டில் மயங்கி என் மடியில் சரிந்தாள். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது நீங்கள். அதற்கு உமி என்று யோசனை சொன்னது நான். "மீன்காரர் ஐஸ் கட்டிய உமிக்குள்ள வைக்காங்க, உருகுதா? நாமளும் உமிக்குள்ள இருப்பம்" என்றேன். மில்லுக்குப் போய் உமி எடுக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில், சித்தாண்டியில் என் அண்ணனின் வயல் வட்டையில் சூடடித்த களத்திலிருந்து பதரை மூட்டை மூட்டையாக ஏற்றினேன். நீங்கள் உள்சுவர்ப் பலகைகளைக் கழற்றி, பதரை நெருக்கி அடைத்து, ஒரு ஆணி தெரியாமல் திரும்பப் பூட்டினீர்கள். உள்ளே மெய்யாகவே குளிர்ந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

உலகத்தில் வேறெங்கும் அது நல்ல யோசனையாக இருந்திருக்கும். சண்டை மறுபடியும் தொடங்கப் போகிறது என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த நாளில், சோதனைச் சாவடிகளுக்கு நடுவே, ஒரு வாகனத்தின் சுவருக்குள் எதையோ அடைத்து ஆணி தெரியாமல் மூடுவதற்கு நம்மைப் போல இரண்டு புத்திசாலிகள்தான் வேண்டும்.

வழக்கமாக நம்மைப் பார்த்துக் கையசைக்கும் ஆமிக்காரப் பொடியன் அன்றைக்குச் சுவரைத் தட்டினான். முந்தி டங் என்றது, அன்று தொம் என்றது. அவ்வளவுதான். உங்களைக் கையைத் தூக்கச் சொல்லி ஒரு பக்கம் நிறுத்தினார்கள். நீங்கள் சிங்களத்தில் பதர், சூடு, கர்ப்பிணி என்று என்னென்னவோ சொன்னீர்கள். கடைசியில் நீங்களே ஒவ்வொரு பலகையாகக் கழற்ற, பதர் முழுவதும் வீதியில் கொட்டியது. ஆமிக்காரருக்குத் தும்மல் நிற்கவில்லை. அவர்களின் பெரியவர் காலால் குவியலைக் கிண்டிப் பார்த்தார். மூடி மறைக்கிற ஒன்றும் இனி வேண்டாம் என்று சொல்லி நம்மைப் போக விட்டார். மாரி மழைக்குச் சாவடி மணல் மூட்டைகளின் ஓரம், பதரோடு கலந்து கொட்டிய நெல் பச்சையாக முளைத்து நின்றதையும், அந்தப் பொடியன் அதைக் காட்டி நம்மைப் பார்த்துச் சிரித்ததையும் நீங்கள் ஏறாவூர் முழுக்கச் சொன்னீர்கள்.

ஆனால் பதர் கொட்டிய அன்று பின்னேரம் வெறும் தகரமாகத் திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டுதான் வந்தேன். நீங்கள் வீதியைப் பார்த்துக்கொண்டே, "சரி. மூடாமச் செய்வம்" என்றீர்கள்.

அங்கேதான் காக்கா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றையும் மறைக்காமல், யார் எங்கே நிறுத்தினாலும் ஒரு முடிச்சை இழுத்தால் எல்லாம் திறந்து தெரியும்படி அந்த வாகனத்தை மறுபடி கட்டினீர்கள். சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் புற்பாய்களைக் கயிற்றில் தொங்கவிட்டீர்கள். சுவருக்கும் பாய்க்கும் நடுவில் காற்று ஓடியது, அடைத்த பதரைவிட அது திறம் என்று பிறகு தெரிந்தது. கூரைக்கு மேல் இன்னொரு கூரையாகக் கிடுகு. ஓடும்போது அதைப் பாய்போலச் சுருட்டிக் கட்டுவீர்கள், போய் இறங்கியதும் ஏணி வைத்து ஏறி விரித்துப் பழைய மீன்வலையால் இழுத்துக் கட்டுவீர்கள். மருந்துக்கு ஐஸ் பெட்டி வந்தது, ஜெனரேட்டர் வீட்டில் தங்கியது. தகரம் காற்றில் அதிராமல் டயர் ரியூப் துண்டுகளை ஒட்டினீர்கள், கதவுகளுக்குத் தேங்காய்த் தும்பு திணித்தீர்கள்.

கட்டிலின் ஆணியைக் கழற்றி, கால்களுக்கு அடியில் ரப்பர் அடுக்கி வைத்தபோது மட்டும் நான் சண்டை பிடித்தேன். அவை கரையில் நீங்கள் பொறுக்கிய ஒற்றைச் செருப்புகள். கடல் கொண்டுபோனவர்களின் செருப்பு.

"ஆர்ர செருப்போ காக்கா, அதுக்கு மேல ஒரு தாயப் படுக்க வைக்கிறதா?"

"நான் பிஸ்மி சொல்லித்தான் வெட்டின. மிதிச்ச கால் போயிட்டு, செருப்புக் கிடக்கு. அதையும் சும்மா கிடக்க விடுறதா?"

விரிப்பை எடுத்து நானே கட்டிலில் விரித்தேன்.

கிடுகுக் கூரையோடு நாம் போய் நின்றால், "வயல் வாடி ஓடி வருது" என்று, வயல் காவல் குடிசையைச் சொல்லி, சிறுசுகள் பின்னால் ஓடி வந்தார்கள். நீங்கள் கோபிக்கவில்லை, இன்னும் மெதுவாக ஓட்டிக் காட்டினீர்கள். பிறகு சண்டை வந்தது. வாகரைப் பாதை மூடியது, சனங்கள் இடம்பெயர்ந்து முகாம்களுக்கு வந்தார்கள். நாமும் முகாம் முகாமாகப் போனோம். தறப்பாள் கூடாரங்களில் வெந்துபோன தாய்மார், கிளினிக் இல்லாத நாளிலும் அந்த வாகன நிழலுக்கு வந்து இருந்தார்கள். எனக்கு உள்ளே இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருமுறை பொய்யாகிப்போன வாய்.

யுத்தம் முடிந்த வருடம், மீளக் குடியேறிய வாகரையில், வரிசையில் வசந்தி நின்றாள். ஏழு மாதம். உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள், படுக்கவில்லை.

"நேற்றையில இருந்து பெரிசா அசையல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு சொல்லாதீங்க மிஸ்ஸி. இருக்கா இல்லையா எண்டு இப்ப சொல்லுங்க. அண்டைக்கும் இதே கட்டில்லதான் இருக்கு எண்டு சொன்ன நீங்க."

நான் சொன்னேன் காக்கா. இத்தனை வருடம் மென்று விழுங்கியதை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "அண்டைக்கு நான் கேட்டது உங்கட பிள்ளைட துடிப்பு இல்ல வசந்தி. ஜெனரேட்டர்ர சத்தம். அத விளங்காமச் சொல்லிட்டன். பிழை என்ட."

அவள் அறையலாம் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் மெல்லக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். நான் குழலை வைத்தேன். கேட்டது. ஆனால் நான் சொல்லி அவள் எப்படி நம்புவாள்? ஆகவே வெளியே நின்ற அவளுடைய புருஷனைக் கூப்பிட்டேன். வலை இழுக்கிற மனிதன், இயந்திரப் படகில் காது மரத்துப்போன மனிதன். உங்களுக்கு விசயம் விளங்கிவிட்டது. வெளியே நீங்கள் வாயில் விரலை வைத்து வரிசை முழுவதையும் அடக்கினீர்கள், அங்கே கத்திக்கொண்டு நின்ற ஆட்டையும் இழுத்துக்கொண்டு தூரப் போனீர்கள்.

அவன் குனிந்தான். "ஒண்டும் கேக்கல்ல" என்றான். வசந்தி கண்ணை மூடினாள். நான் குழலை அரை அங்குலம் நகர்த்திப் பிடித்தேன். கிடுகுக்குக் கீழே, பாய்களுக்கு நடுவே, அந்த உச்சி வெயிலில் ஒரு சத்தமில்லை. அவனுடைய உதடு மெல்ல எண்ணத் தொடங்கியது.

"இருக்கு வசந்தி," என்றான். "ஓடுது. இருக்கு!"

படிக்காத, பழகாத ஒரு காது கேட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் நானும் சொன்னேன், "இருக்கு" என்று. அசைவு குறைவு என்றதால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன், இந்த முறை அது என் பயத்துக்காக எழுதியது இல்லை. துண்டை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அவள் என்னை மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "அடுத்த கிளினிக் எண்டைக்கு மிஸ்ஸி?" என்று கேட்டாள். எனக்கு அது போதும்.

நீங்கள் ஆட்டை விட்டுவிட்டு வந்து, "என்னவாம்?" என்றீர்கள். "அவர் கேட்டுட்டார் காக்கா, தன்ட காதால" என்றேன். நீங்கள் உடனே ஏணியில் ஏறி, அவிழாத முடிச்சை எல்லாம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நெடுநேரம் மேலேயே நின்றீர்கள். இறங்கி வந்து, "என்ட வண்டி" என்று மட்டும் சொன்னீர்கள். உங்களுக்குப் பெருமை தாங்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் தாங்க முடியவில்லை. வசந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

பிறகு புது வீதி வந்தது, புதுக் கட்டடங்கள் வந்தன, வீட்டுவான் ஓய்ந்தது. நீங்களும் ஓய்ந்தீர்கள். நீங்கள் மௌத்தான செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. உங்களுக்காக வெள்ளை உடுத்து, வெளியே வராமல் துக்கம் காத்து இத்தா இருந்த ராத்தாவைப் பார்க்க ஏறாவூருக்குப் போனேன். உங்கள் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போய், நான் அழ, அவதான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

"அவர் உங்களப் பத்தித்தானே புள்ள எப்பவும் பேச்சு," என்றா. "வரிசையில நிக்கிற புள்ளைகள் பயந்தா, அவங்களுக்கு இப்படிச் சொல்லுவாராம்: மிஸ்ஸி இருக்கு எண்டு சொன்னா, இருக்கு."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"அந்த வண்டிய உரிச்சுப் பாய் கட்டின நாளையில இருந்து."

நான் அந்தச் சொல்லையே சொல்லாத வருடங்கள் அவை காக்கா. உள்ளே நான் என் காதை நம்பாமல் நின்றேன். வெளியே வெயிலில் நின்று நீங்கள் ஒவ்வொரு தாயிடமும் அதை நம்பச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாளும் என்னிடம் மூச்சு விடவில்லை.

எனக்கும் ஓய்வு வந்துவிட்டது. ஆனாலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். விசிறியை நிறுத்துகிறேன், புருஷனையும் உள்ளே வரச் சொல்கிறேன், குழலை வைத்துக் காதைக் கொடுக்கிறேன். அவசரப்படுவதில்லை. பிறகு நிமிர்ந்து, "இருக்கு கா" என்று சொல்கிறேன். குரல் நடுங்குவதில்லை.