மைதானத்தைப் பூட்டிய முறைப்பாடு

அன்புள்ள கார்மெனு அண்ணை,

உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் கண்மூடி மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை எங்கள் பியோர்ண்டால் அடுக்குமாடிக்காரர் எல்லோரும் கூடுகிறோம். கார் தரிப்பிடத்துக்குப் பின்னால் நீங்கள் உருவாக்கிய மைதானத்துக்கு உங்கள் பெயரையே வைக்கிறார்கள்.

மால்டாவிலிருந்து வந்து, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் நீங்கள். லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்டடம் இது. பற்றையை வெட்டி, சரளை கொட்டி, உங்கள் ஊர் மர உருண்டை விளையாட்டைப் பென்ஷன்காரருக்கெல்லாம் பழக்கினீர்கள். நாலு வருடம் வீட்டை விட்டு இறங்காத என் மாமனார், விடிந்ததும் ஜாக்கெட்டோடு வாசலில் நிற்கத் தொடங்கினார். நோர்வேஜிய மொழி ஒரு சொல் தெரியாது. ஆனால் விளையாட வருகிற சோமாலியக்காரரோடு புள்ளிக்காகச் சண்டை பிடிப்பார்!

நான் இரவு வேலை முடித்து வந்து படுக்கிற நேரம்தான் உருண்டைகள் மோதும். "அண்ணை, காலமை பத்து மணிக்குப் பிறகு விளையாடுங்கோ" என்று ஒரு வார்த்தை போதும். மாமாவைக் கைபிடித்து வீடு வரை கொண்டுவந்து விடுகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? முகத்தை முறிக்கக் கூடாதென்று, நிர்வாகக் குழுவுக்குப் பெயர் போடாமல் ஒரு முறைப்பாடு எழுதினேன். அவர்கள் மைதானத்தையே பூட்டிவிட்டார்கள்.

பூட்டைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கிற மனுத்தாளோடு என் கதவைத்தான் முதலில் தட்டினீர்கள். மாமாவிடம் பழகிய அந்த ஒற்றைத் தமிழ்ச் சொல்லோடு தொடங்கி, மிச்சத்தை நோர்வேஜிய மொழியில் சொன்னீர்கள்: "தம்பி, ஆருக்கு இடைஞ்சல் எண்டு தெரிஞ்சால் நேரை போய் மன்னிப்புக் கேட்பன்."

உள்ளேயிருந்து மாமா, "ஆர் அந்தப் பாவி எண்டு விசாரிச்சுச் சொல்லும்" என்று என்னிடம் கத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். தேத்தண்ணியும் தந்தேன். எனக்கு எப்படித்தான் மனம் வந்ததோ?

இலையுதிர்ந்த பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள். அதற்குள் நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். அது உங்கள் கடைசிக் கோடை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

நேற்று உங்கள் மனைவி ரீட்டா அக்கா வந்தார். "சனிக்கிழமை நீங்கள்தான் பேச வேணும். முதல் கையெழுத்து உங்கடை எண்டு அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வெட்கத்தில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று பின்னேரம் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், அண்ணை. பிறகு மாமாவிடமும். அதற்குப் பிறகும் அக்கா என்னைப் பேசச் சொன்னால், எல்லோர் முன்னாலும் சொல்வேன். பேச வேண்டாம் என்றால், பெயர்ப்பலகைக்குக் குழி தோண்ட ஆள் வேண்டுமாம். அதையாவது செய்ய விடச் சொல்லிக் கேட்பேன்.

உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத தம்பி,
நேசன்