மூன்று நிறத்தில் ஒரு மொழி

மார்ச் 4

வகுப்பில் இன்று கரண்டி, முள்கரண்டி, கத்தி. ஜெர்மன்காரனுக்குக் கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். ஆணுக்கு முன்னால் டெர், பெண்ணுக்கு டி, மிச்சத்துக்கு டாஸ். ஏன் அப்படி என்று கேட்டேன். "காரணமெல்லாம் கிடையாது சார், மனப்பாடம்தான்" என்றார் ஆசிரியை. உயிரில்லாதது எல்லாவற்றையும் 'அது' என்று ஒரே சொல்லில் முடித்து நாற்பது வயது வரை பிழைத்தவன் நான்!

கூடப் படிப்பவர்கள் எல்லாம் நர்சிங் முடித்த பெண்கள். அவர்களுக்கு நான் 'பெயிண்டர் அண்ணன்'. என் மனைவி ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தேர்வில் தேறினால்தான் எனக்கு விசா. தேறிவிட்டால் எங்கள் மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போய்ச் சேரலாம்.

மார்ச் 9

எனக்குத் தெரிந்த வழியில் போனால்தான் எனக்கு மண்டையில் ஏறும். கார் பட்டறையில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் பொட்டு வைத்தேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. மேசை நீலம், கதவு சிவப்பு, ஜன்னல் பச்சை. குட்டிக்கு ஒரே கும்மாளம். தன் மூக்கிலும் ஒன்று வை என்று அடம். மூக்கு எதில் சேர்த்தி? புத்தகத்தைப் பார்த்து, பெண் என்று தெரிந்த பிறகு, அவள் அம்மாவின் குங்குமத்தில் சிவப்பு வைத்தேன்.

மார்ச் 12

பாத்திரத்தில் வைத்த பொட்டையெல்லாம், குட்டியைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து இருக்கும் அக்கா தின்னர் போட்டுத் துடைத்துவிட்டாள். "சோத்துப் பானைக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

மார்ச் 27

முதலாளி வந்து, "யாருகிட்டப்பா பேசிட்டிருக்க?" என்றார். ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கார்க் கதவு பெண், பக்கத்துக் கண்ணாடி ஆண், சக்கரம் இரண்டும் இல்லை. அப்பா அம்மா குழந்தை என்று ஒரு வண்டியில் ஒரு குடும்பமே சேர்ந்து இருக்கிறது. நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஏப்ரல் 6

ஆசிரியையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தப்பா இருந்தாலும் பரவால்ல சார், பேசுங்க. டெர்ருக்குப் பதிலா டி சொன்னா யாரும் தூக்குல போட மாட்டாங்க. வாயே திறக்கலன்னா எதுக்கு மார்க் போடுவாங்க?"

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? என் தொழிலில் நிறம் ஒரு இழை தப்பினால் மொத்தக் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். சரி என்று தெரியாமல் விசையை அழுத்தாத கை இது. இப்போது அந்தப் பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நின்று நிறம் தேடுகிறேன். அதற்குள் பேச்சு என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

ஏப்ரல் 19

தேர்வு. வாய்மொழியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். ரொட்டிப் படம். வேண்டும் என்று கேட்டால் போதும். 'ரொட்டி' தெரியும், 'வேண்டும்' தெரியும். நிறம்தான் வரவில்லை. ரொட்டிக்கு நான் பொட்டு வைக்கவில்லையே! தேர்வாளர் நல்ல மனிதர், சிரித்துத் தலையாட்டிக்கூடப் பார்த்தார். நான் திருதிருவென்று விழித்தேன். வெளியே வந்து படியில் இறங்கும்போது ஞாபகம் வந்தது. பச்சை.

மே 8

ஃபெயில்.

மே 9

போனில் அவளிடம் சொன்னேன். "பரவால்லங்க, இன்னொரு தடவ எழுதுங்க." பிறகு மெல்ல ஆரம்பித்தாள். குட்டிக்கு அங்கே பாலர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறதாம். செப்டம்பருக்குள் சேர்க்காவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடும். குழந்தைக்குத் தேர்வு கீர்வு எதுவும் வேண்டாம். "நீங்க பாஸ் பண்ணிட்டா மூணு பேரும் சேர்ந்தே இருக்கலாம். இல்லன்னா அவள மட்டும்..."

முடிக்கவில்லை. முடி என்று நானும் சொல்லவில்லை.

ஜூன் 1

படித்தேன்.

ஜூன் 2

"அப்பா, விளையாட வாங்க" என்று குட்டி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி! உனக்காகத்தானே படிக்கிறேன்" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே அக்காவிடம் ஓடிவிட்டாள். என்ன ஜென்மம் நான்? அவகூட இருக்கணும்னு படிக்கிறேன், அவளையே விரட்டுறேன். இருக்குற வரைக்குமாவது பிள்ளைய மடியில வெச்சுக்கத் தெரியுதா எனக்கு?

ஜூன் 21

இரண்டாவது தேர்வு. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன். டெர் என்றேன். தப்போ என்று பட்டது, டி என்றேன். இல்லை, டாஸ். மறுபடி டெர். அடித்ததைத் தேய்த்து, தேய்த்ததை அடித்து — வாக்கியம் அந்த ஒரு சொல்லைத் தாண்டவே இல்லை. நேரம் முடிந்தது. தேர்வாளர் நன்றி சொன்னார்.

ஜூலை 10

மறுபடியும் ஃபெயில். இந்த முறை அவள் இன்னொரு தடவை எழுதுங்கள் என்று சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 18

விமான நிலையம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவமா?" என்றாள். கோபம் யார் மேல்? கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குட்டி கையாட்டினாள். அவள் அழவில்லை. ஏன் அழவேண்டும், அம்மா கிடைத்துவிட்டாளே. அழுதது நான்தான், அத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல். "வாடா, வீட்டுக்குப் போகலாம்" என்று அக்காதான் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

செப்டம்பர் 14

வகுப்புப் பக்கம் போகவில்லை. கேட்டால் பட்டறையில் வேலை அதிகம் என்கிறேன்.

டிசம்பர் 7

வீடியோவில் கூப்பிட்டாள். குட்டிக்குப் பின்னால் அவள் வயதுப் பிள்ளை ஒன்று பொம்மையோடு நின்றது. இரண்டும் அந்த மொழியில் கீச்சுக்கீச்சென்று ஒரே பேச்சு. "அப்பாகிட்டப் பேசு" என்று அவள் போனைக் கையில் கொடுத்தாள். குட்டி என் முகத்தைப் பார்த்தாள். தமிழ் வரவில்லை. எனக்கு இப்போது நேரமில்லை அப்பா என்று அவர்கள் மொழியிலேயே சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

"என்னடா சொல்லுச்சு பிள்ளை?" என்று பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு சொல்லுச்சு" என்றேன்.