கூலாஷ் என்று நீர் சொன்ன மக்கரோனி

மாட்டிறைச்சி வதங்கும் மணம் என் குசினியில் இன்றைக்குத்தான் முதன்முதலாக எழும்புகிறது. யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். வீட்டுச் சட்டி எதையும் எடுக்க மனம் வராமல் காலையில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறேன். இறைச்சியைத் தொட்டதாலா, மகளை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் அடுப்பைக் குறைத்துவிட்டு, அடுத்த வீட்டில் இருந்த உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆரணிக்குத் தலைக்குள் ஒரு கட்டி. விடியவே ஒப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இவர் ஆஸ்பத்திரியில் நிற்கிறார். "நீர் இஞ்ச நிண்டு அழுதால் எனக்கும் ஏலாமல் போகும். வீட்டை போய் இரும்" என்று என்னை அனுப்பிவிட்டார்.

உமக்குத் தமிழ் தெரியாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீசில் எழுதினால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்று மரியாதையாகத்தான் வரும். அது பொய். எனக்குப் பயம். இருந்திருந்தால் வேலிக்கு மேலால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர். போன குளிர்காலம் நீர் செத்துப்போனபிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

நீர் முதன்முதல் எங்கள் வாசலுக்கு வந்த நாளும் இப்படியொரு நாள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லுக்கு நாங்கள் வந்து கொஞ்சக் காலம். இவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். நான் சின்ன ஆரணியோடு வீட்டில் ஃபோனைப் பார்த்தபடி இருந்தேன். பெல் அடித்தது. திறந்தால் நீர், பெயர்கூடத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரி, துணியால் மூடிய சூட்டுப் பாத்திரத்தோடு. எங்கள் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். அயலவர்தான் சமைத்து மூடிக் கொண்டுவருவார்கள். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்ல முதல் உமக்குச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

நீர் முழித்தீர். என்ன நினைத்தேன் என்று விளங்கினதும் எனக்குப் பக்கத்தில் நிலத்திலேயே குந்தி, "எங்கட ஊரில இதைச் செய்தி வரமுதல் கொண்டுபோவினம். வந்தாப்பிறகு எல்லாரும்தான் வருவினம்" என்றீர். நீர் பேசிய இங்கிலீஸ் என் நினைவில் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது.

பிறகு என் நடுக்கம் அடங்கட்டும் என்று பேச்சை மாற்றினீர். அமெரிக்காவின் அயோவாவில் உம்முடைய அம்மா பாத்திரத்தில் இருந்த அந்த மக்கரோனியைக் கூலாஷ் என்பாராம், சோளமும் போடுவாராம். கலியாணம் முடித்துப் பொஸ்டன் பக்கம் போனால், மாமியார் அதையே கறிமிளகாய் போட்டு அமெரிக்கன் சாப் சூயி என்றாராம். பெயர்தான் சீனச் சாப்பாட்டினது, ஒரு சீனருக்கும் அதில் பங்கில்லை. பட்டாளத்துக்குப் போன தம்பிக்கு அது உறைப்புக் கூடிய சில்லி மாக். ஒக்லண்டுக்கு வந்தால் பட்டாணியும் தக்காளி சோஸும் சேர்த்து மக்கரோனி மின்ஸ். "ஒவ்வொரு வீடும் தங்கட பேர்தான் சரியெண்டு சண்டை பிடிக்கும்" என்றீர். நானும் விக்கி விக்கி இடியப்பத்தின் கதையைச் சொன்னேன்: கோயம்புத்தூர்க்காரருக்கு அது சந்தகை, மலேசியாத் தமிழருக்குப் புட்டுமாயம்.

அதற்குள் ஆரணி கதிரையில் ஏறி, மூடியைத் திறந்து, பாதியை முடித்துவிட்டாள். மாடு என்று தெரிந்ததும் எனக்கு இன்னொரு நடுக்கம். என் முகத்தைப் பார்த்த உமக்கு அதைவிடப் பெரிய நடுக்கம். இவர் பிழைத்து வீட்டுக்கு வந்து கதையைக் கேட்டுச் சிரித்தார். "நான் அங்க சாகக் கிடக்க, மகள் இஞ்ச மாடு சாப்பிட்டவளாம்" என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரு பயம் என்றால் உம்முடைய வீட்டிலிருந்து இரண்டு பாத்திரம் வரும். எனக்குச் சோயா மீற் போட்டு, நான் தந்த கறித்தூளும் தூவினது. அவளுக்கு மாடு. விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் வந்தது, எனக்கு வேலை போன கிழமையில் வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு அடுத்த வீட்டுச் சாப்பாடு என்று பெயர். ஊர் ஊராக நீர் சொன்ன பெயர்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளும்.

நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து ஆரணி கேட்டாள். எதற்கும் இங்கிலீசில் பதில் சொல்லுகிறவள் நேற்றுத் தமிழில் கேட்டாள். "அம்மா, எனக்கு அடுத்த வீட்டுச் சாப்பாடு செய்து தாங்கோ. சோயா இல்லை, மாடு." ஓம் என்றேன். "நீங்களும் என்னோட சாப்பிடோணும்" என்று சிரித்தாள். அதற்கு நான் ஓம் சொல்லவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. அவளுடைய உயிருக்காக முருகனைக் கும்பிடுகிற கையால் மாட்டைத் தொட்டால் அவன் கோபிப்பானோ என்று பயம். தொடாமல் விட்டு, அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுவாகிவிட்டால் என்று அதைவிடப் பெரிய பயம். தொட்டேன். சோளமா பட்டாணியா என்று கேட்க நீர் இல்லை, இரண்டையும் போட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இவர் ஃபோன் எடுத்தார்.

"முடிஞ்சுது. கட்டியை எடுத்திட்டினம். பிள்ளை இன்னும் கண் முழிக்கேல்லை. முழிச்சாத்தான் சொல்லலாமாம்."

"என்ன சொல்லலாமாம்?" என்று கேட்டேன். "நீர் வெளிக்கிட்டு வாரும்" என்றார்.

நான் போகிறேன். இன்றைக்கு அவள் வாயில் எதையும் வைக்க விடமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் சட்டியை மூடி, துவாய் சுற்றிக் கட்டிவிட்டேன். உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். பயம் வந்தால் சமைத்துத் தூக்கிக்கொண்டு போவேன்.

வெளிக்கிட முதல் சாமிப்படத்துக்கு முன்னால் நின்றேன். எங்கள் ஆட்கள் நேர்த்திக்கடன் வைத்தால் மச்சம் மாமிசத்தை விடுவார்கள், முடியைக் கொடுப்பார்கள். எனக்கு வேறு மாதிரி வந்தது. "முருகா, அவள் கண்ணை முழிச்சு இதைக் கேட்டால், நானும் பக்கத்தில இருந்து சாப்பிடுவன்" என்றேன். அது நேர்த்தியா தெய்வக்குற்றமா என்று தெரியாது. பையில் இரண்டு கரண்டி வைத்திருக்கிறேன்.