ஜாடிகளுக்குப் போக மிச்ச வெயில்

மார்ச் 18, திங்கள்

பயிற்சி முடிந்தது. ஆறு பேரும் தேறிவிட்டார்கள். தென்கொரியாவின் சியோல் நகரத்தின் வடக்கே, இந்த அரசு வாடகைக் குடியிருப்பிலேயே வசிக்கும் பெண்கள். பால்கனிக் கம்பியில் சூரியத் தகடு மாட்டக் கற்றுக்கொடுத்தேன். சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டோம். பதினைந்து வருடமாக இப்படிப் படங்களில் நிற்கிறேன். படத்துக்குப் பின்னால் வேலை வந்து பார்த்ததில்லை. இந்தமுறை வட்டார அலுவலகம் எழுத்திலேயே தந்திருக்கிறது: ஏப்ரல் முடிவதற்குள் நாற்பது வீடுகள் தகடு மாட்டக் கையெழுத்திட்டால் ஆறு பேருக்கும் நிரந்தர வேலை. இல்லையென்றால் வெளி நிறுவனத்துக்குப் போய்விடும்.

ஆறு பேரில் ஒருவரான ஜொம்சுன், முன்பு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். "டீச்சர், மறுபடி அந்தத் தொட்டிக்குள்ள கைய விட வெச்சிராதீங்க" என்றார் சிரித்தபடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 3

பதினொரு வீடுதான். "ரொம்ப நல்ல விஷயம்மா, யோசிச்சு சொல்றோம்" என்று கையில் ஒரு தயிர்ப் பான புட்டியைத் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். பையில் ஒன்பது புட்டிகள். மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்ற தாளை ஒருவரும் புரட்டவில்லை. அக்கறையில்லாத ஜனம்.

ஏப்ரல் 4

நேற்றைய கடைசி வரி அநியாயம். ஆனால் அதை அடித்துவிடவில்லை.

ஏப்ரல் 9

கையெழுத்திட்டவர்களில் ஒருவரான, 704-ஆம் எண் வீட்டு யாங் அம்மாவின் தகடு ஏழில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகத் தருகிறது. போய்ப் பார்த்தால் — நடுவில் மாட்டவேண்டியதை ஜொம்சுன் மேற்கு ஓரத்தில் மாட்டியிருக்கிறார்! மூன்று மணிக்கே அங்கே அடுத்த கட்டட நிழல்.

"வரைபடத்தப் பாக்கலையா?"

"பாத்தேன் டீச்சர். அதுல ஜாடியே இல்லையே."

நடுவில், பால்கனிக் கண்ணாடிக்கு உள்ளே, நான்கு பெரிய ஜாடிகள். குழம்புக்கான விழுதுக்காக உப்புநீரில் சோயாக் கட்டிகள் ஊறுகின்றன. வெயில் அடிக்கும் காலைகளில் மூடியைத் திறந்துவைக்க வேண்டுமாம்; நடுவில் தகடு வந்தால் அந்த வெயில் மறைந்துவிடும்.

"ஜாடிய நகத்தியிருக்கலாமே?"

"எங்க? உங்க தலை மேலயா?" உள்ளேயிருந்து யாங் அம்மாவின் குரல்.

ஜொம்சுன் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு வருஷத்து விழுது கெட்டுப்போனா கரண்ட்டையா கரைச்சுக் குடிப்பாங்க, டீச்சர்?"

கழற்றி நடுவில் மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். நான் விழுதைக் கடையில் டப்பாவில் வாங்குகிறவள். எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 11

அவர் கழற்றவில்லை.

ஏப்ரல் 15

யாங் அம்மாவின் மாடியில் இன்று ஒரே நாளில் ஐந்து கையெழுத்து. நான் பேசி அல்ல. "யாங் வீட்டுல மாட்டுன மாதிரியே வேணும், அத மாட்டுன அம்மாவேதான் வரணும்" என்கிறார்கள். அப்படியானால் இவர்கள் இத்தனை நாள் யோசித்தது ஜாடியைப் பற்றித்தான். படித்தவளிடம் அதைச் சொல்லக் கூச்சம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே — நான் ஏன் கேட்கவில்லை?

கணக்குப் போட்டேன். ஓரத்தில் மாட்டினால் இழப்பு, வாரத்தில் ஒருநாள் கூடுதலாக மழை பெய்த மாதிரி. அவ்வளவுதான். ஜொம்சுனிடம் அதைச் சொல்லப் போனவளை உட்காரவைத்து விழுதுக் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா கரண்ட் செலவாகுமா?"

நல்லாயிருந்தது. சொன்னேன்.

ஏப்ரல் 29

முப்பத்தெட்டு. நாளை கடைசி. இரண்டே வீடு... எதற்குப் பட்டியலைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன்? வேலை எனக்கா?

ஏப்ரல் 30

நாற்பத்து மூன்று.

மே 13

வீட்டு ஆய்வுப் படிவத்தைத் திருத்தினேன். கம்பியின் நீளம் கேட்கும் முதல் கேள்வியை இரண்டாவதாக்கினேன். இப்போது முதல் கேள்வி: 'இந்த வெயில் இதுவரை உங்கள் வீட்டில் எதற்குப் பயன்பட்டு வருகிறது?'

ஜொம்சுன் அக்கா பணிச்சீருடையோடு வந்து படித்துப் பார்த்தார். பதிலுக்கு நான்கு கோடு போதாது என்றார். எட்டாக்கினேன்.