வாய்க்கூடும் ஒரு பை பேரிக்காயும்

மாரமங்கலம்
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே நலமாக இருக்கிறோம், இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, சாமி கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். அந்த நியூசிலாந்துக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் நம் மலைச்சாமி சேர்வராயன் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், பிடுங்கியவள் பேசாமல் அழுகிறாள், நீயும் ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். நன்றியை அப்படி அரைகுறையாகச் சொல்லக்கூடாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தம்பி சின்னராஜ் சைக்கிளிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும், எப்படித் தப்பினான் என்பது முழுதாகத் தெரியாது. நீ அனுப்பிய ஹெல்மெட் வந்தபோது நான் சொன்னது நினைவிருக்கும். தலைக்கு ஒரு பாதி, தாடைக்கு ஒரு பாதி, வேண்டுமானால் மாட்டு, வேண்டாவிட்டால் கழற்று என்றால் அது பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிற தரகன் மாதிரி, இரண்டு பக்கத்துக்கும் உதவாது என்றேன். அம்மா அந்தத் தாடைப் பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, களத்துல தாம்பு ஓட்டுற மாட்டுக்குப் போடுற வாய்க்கூடாட்டம் இருக்குது, எம்பையன் யாரு வெள்ளாமையில வாய் வெச்சான் என்று கேட்டாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு வாய்க்கூடு என்றே பேர். நீயும் விடாமல் நியாயம் சொன்னாய். முழுதாக மூடிய ஹெல்மெட்டோடு ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேட்டில் மிதித்தால் மூச்சு முட்டும், அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான், வெறும் பாதி ஹெல்மெட் என்றால் இறக்கத்தில் குப்புற விழும்போது பல்லும் தாடையும் போகும், அப்படி வருகிறவர்களை நான் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், ஏறும்போது கழற்றிப் பையில் போடட்டும் இறங்கும்போது மாட்டட்டும் என்றாய். நியாயம்தான். ஆனால் கழற்றுகிற சாமானை உன் தம்பி கழற்றத்தான் செய்வான், மாட்ட மாட்டான் என்பது பெற்றவனுக்குத் தெரியாதா. வந்த புதிதில் போட்டோ எடுக்க மாட்டினான். அப்புறம் ஏறும்போதும் பையில், இறங்கும்போதும் பையில். கேட்டால், இந்த எறக்கமெல்லாம் எனக்கு அத்துப்படிங்கப்பா, கண்ணக் கட்டி உட்டாலும் ஊடு வந்து சேருவேன் என்பான்.

அன்றைக்கு, மலையில் சைக்கிள் ஓட்டப் பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேருக்கு வழக்கம்போல வழிகாட்டியாக மேடு ஏறியிருக்கிறான். உச்சியில் உன் கலா அத்தை வீட்டில்தான் எப்போதும் தண்ணீர் குடிப்பான். என் தங்கையின் குணம் உனக்குத் தெரியுமே, வழி கேட்க வந்தவனைக்கூட வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். இந்த வருசம் அவள் வாசல் பேரி மரம் காய் தாங்காமல் வளைந்து கிடக்கிறது. ஏஞ்சாமி, ஊட்டுக்கு வெறும் பையோடயா போவ, எங்கண்ணனுக்கு நொம்பப் புடிக்குமே என்று அவன் முதுகிலிருந்த பையைக் கழற்றி, உள்ளே இருந்த வாய்க்கூட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பை வாய் வரைக்கும் பேரிக்காயைக் கொட்டி ஜிப்பை இழுத்துவிட்டாள். வேண்டாங்கத்தே என்றானாம், அத்தையிடம் அது செல்லுமா. கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட முடியாது, பையில் இடமில்லை, வேறு வழி இல்லாமல் முகத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினான். அவ்வளவுதான் கண்ணு. புத்தி வந்து மாட்டவில்லை, பேரிக்காய்க்கு இடம் விட்டு மாட்டினான்.

எஸ்டேட் வழியில், மழையில் ஊறிக் கிடந்த சில்வர் ஓக் வேரில் முன்சக்கரம் வழுக்கி, ஹாண்டில்பாருக்கு மேலே போய்க் கல்கட்டில் முகம் மோத விழுந்தான். கூட வந்தவர்கள் ஜீப் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள், அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். போன் வந்ததும் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவு முழுக்க உன் அம்மா வாய்க்குள்ளேயே சேர்வராயனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள், எனக்குப் பயம் வந்ததே அதைப் பார்த்துத்தான். அங்கே டாக்டர் வாய்க்கூட்டைக் கையில் வைத்திருந்தார், நடுவில் பிளந்து கிடந்தது. இது மட்டும் இல்லைன்னா என்று தொடங்கியவர் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மணிக்கட்டு பிசகியிருக்கிறது, தோள் கன்றிப்போயிருக்கிறது, மற்றபடி ஒரு பல்கூட ஆடவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் எலும்பை நறநறவென்று கடித்துத் தின்றான், நாங்கள் இருவரும் தட்டில் கை வைக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரம் அதிகம் என்று சொல்லி எழுந்து போனேன்.

இப்போது என்னைக் கேட்டால், முழு ஹெல்மெட் என்றால் அது வீட்டு ஆணியில் தொங்கியிருக்கும், பாதி என்றால் தாடை போயிருக்கும், ஆகவே நீ சொன்னது சரி. அத்தை மட்டும் இல்லாவிட்டால் இதுவும் பைக்குள் பத்திரமாக இருந்திருக்கும், ஆகவே நான் சொன்னதும் சரி. நாம் இருவரும் ஜெயித்துவிட்டோம், முழிப்பது உன் தம்பிதான். இனிச் சைக்கிளத் தொட்டீன்னா இந்த ஊட்டுல உனக்குச் சோறு இல்ல என்று அம்மா சொல்லிவிட்டாள். அவன் பிழைப்பே அதில்தான் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கலா வந்து, வாய்க்கூடு மாட்டாம எவனும் எம்பட வாசலத் தாண்டப்படாது, அதுக்கு நானாச்சுங்கண்ணி என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அம்மா இறங்கி வந்தாள். கலாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். எதுக்குங்கண்ணா, பேரிக்காய்க்கா என்று சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள்.

இன்னொன்று எழுத வேண்டும். பிளந்த வாய்க்கூட்டை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன், ஒருமுறை அடி வாங்கின ஹெல்மெட்டு மறுபடியும் தாங்காதுங்கப்பா என்று தம்பி சொல்லிவிட்டான். உயிரைக் காத்த பொருளைச் சேறோடு தூக்கிப் போட மனம் வராமல் அம்மா தலைப் பகுதிக்குள் இருந்த மெத்தைத் துணியைப் பிரித்துத் துவைக்க எடுத்தாள். அடியில் நீளமான முடி நாலைந்து சிக்கிக் கிடந்தது. தம்பி தலையில் விரல்கடை முடிகூடக் கிடையாது. அவனைப் பிடித்துக் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உனக்கென்று வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஹெல்மெட்டையே புதிது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய், லீவு நாளில் நீயும் அங்கே மலையில் சைக்கிள் ஓட்டுகிறாய், அப்பா அம்மாவிடம் மூச்சு விடாதே என்று அவனைக் கட்டிப்போட்டிருக்கிறாய். கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அம்மா அந்த முடியை விரலில் சுற்றி வைத்துக்கொண்டாள். உன் தலையில் இருந்ததை எடுத்துத் தம்பி தலையில் வைத்தாயே சாமி, அதற்கு இந்த அப்பன் என்ன எழுதி ஈடு செய்வான்.

தம்பிக்கு ஹெல்மெட் நான் வாங்கிக் கொடுக்கிறேன், நீ அனுப்ப வேண்டாம். அவனுக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயம் இல்லை, ஓட்டாதே என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் சேர்வராயன் துணையும் எப்போதும் உனக்கு உண்டு, நூறு வருசம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் கடைக்குப் போய் உனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கு, வாய்க்கூட்டையும் மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை.

உன் அன்பு அப்பா
அங்கப்பன்